பெயர் சொல்லும் பாடம்: செங்காந்தள்

(அறிவியல் – தமிழ் இணைந்த களச் செயல்பாடு)

ஜவ்வாது மலையின் வேலியோரங்களிலும் புதர்களிலும் மழைக்காலத்தில் செங்காந்தள் பூக்கிறது. நம் மாநில மலரான இதை அறிமுகப்படுத்த, அதன் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

1. வீட்டில் இதை எப்படி அழைக்கிறார்கள் எனக் கேட்டு வரச் சொல்லுங்கள். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எனப் பல பெயர்கள் கிடைக்கும். கரும்பலகையில் எழுதுங்கள்.

2. பெயர்க் காரணத்தைப் பேசவிடுங்கள். கார்த்திகை பூக்கும் மாதம். கலப்பை கிழங்கின் வடிவம்.

3. செடியருகே அழைத்துச் சென்று, தொடாமல் பார்த்து வரையச் செய்யுங்கள். இலை நுனி சுருண்டு கொம்பைப் பற்றியிருக்கும். இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். புதிய பூவில் மஞ்சள் மிகுந்திருக்கும். நாளாக நாளாகச் சிவப்பு பரவும். ஒரே கொடியில் இரண்டையும் காணலாம்.

எச்சரிக்கை: செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் உள்ளது. மருத்துவர் தரும் சிறிய அளவில் அது மூட்டுவலி மருந்து. கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. காட்டுக்கிழங்கு அகழ்ந்து உண்ணும் வழக்கமுள்ள ஊர்களில் இதை அவசியம் சொல்ல வேண்டும். கிழங்கைத் தோண்டிக் காட்டாதீர்கள். கரும்பலகையில் வரைந்தே காட்டுங்கள்.

மதிப்பீடு: பெயரில் கிழங்கு இருப்பதெல்லாம் உணவாகுமா? காரணம் கூறுக.