பிள்ளைக் காம்பராவுக்கு யார் மார்க் போடுவது?

பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் என்று நடக்கும் திட்டம் ஒழுங்காக நடக்குதா என்று பார்ப்பது எப்படி? இதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கப் போனோம். கூரை, தண்ணீர், தொட்டில், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டோம். வெளியே வரும்போது கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் கேட்டார்: "ஐயா, நீங்க பத்து மணிக்கு வர்றீங்க. நாங்க பெரட்டுக்குப் போற நேரம் கதவு பூட்டித்தானே கெடக்கு?"

விசாரித்தோம். கதவு திறக்கும்வரை கைப்பிள்ளையை வைத்திருந்தது பத்து வயது அக்கா. பள்ளிக்கூடத்துக்கு அவள் தினமும் பிந்தித்தான் போனாள். எங்கள் படிவத்தில் இதைக் கேட்க ஒரு கட்டமும் இல்லை!

கேட்காமல் செய்வது இங்கே மட்டும் நடந்ததல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, திரியாய் ஊர் இருக்கும் திருகோணமலை மாவட்டம் உட்பட நம் கரையோரங்களுக்கு உதவி வந்து குவிந்தது. நாட்டில் சில இடங்களில் தேவைக்கு மேலே வள்ளம் கொடுத்தார்கள். கடலுக்குச் சரிவராத வள்ளமும் வந்தது. பல நிறுவனங்கள் சேர்ந்து 2006இல் வெளியிட்ட மதிப்பீடு, பாதிக்கப்பட்ட மக்கள் கையில்தான் பொறுப்பு இருக்க வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஒன்றையும் பாருங்கள். 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதா மாதம் நிறுத்து, அட்டையில் கோடு போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துணவு. பலன் கிடைக்குதா என்று கோட்டைப் பார்த்துத் தாயே சொல்லலாம்.

நமக்கு இது மிக அவசியம். 2016 கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17. தோட்டப் பகுதியில் 32.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. லயத்துக்கு இரண்டு பேராகக் கூடுங்கள். முதல் கூட்டத்தில் துரையோ கணக்கப்பிள்ளையோ நாங்களோ வேண்டாம். பயமில்லாமல் பேசலாம்.

2. மூன்று கேள்வி கேளுங்கள்: யாருக்குக் கிடைக்குது? யாருக்குக் கிடைக்கல? ஏன்?

3. கிளினிக் கார்டுகளைக் கொண்டு வந்து, எடைக் கோடு ஏறுதா என்று மிட்வைப் அம்மாவோடு பாருங்கள்.

4. காம்பரா அம்மாவிடமும் கேளுங்கள். அவருக்கும் வீடு வாசல் இருக்கு.

5. குறையை எழுதுங்கள், சொன்னவர் பெயரை எழுத வேண்டாம். யார், எந்தத் தேதிக்குள் சரி செய்வார் என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கள்.

அந்தத் தோட்டத்தில் இப்படித்தான் பேசினார்கள். காம்பரா அம்மாவுக்கு நேரத்தோடு வர ஒரு உதவியாளர் கிடைத்தார். கதவு பெரட்டுக்கு முன்னமே திறந்தது. அக்கா மணியடிக்க முன் வகுப்பில் இருந்தாள்.

மார்க் போட வேண்டியவர்கள் நீங்கள்தான். எங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள்.