பம்பு நின்றது யாருக்கு முதலில் தெரியும்?

அன்புள்ள தம்பி,

காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை மாதிரியாக வைத்து நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். பம்பு நிற்பது, வடிகட்டி அடைபடுவது என்று ஆலை தற்செயலாக நிலை மாறும்போது, தாமதமாக வரும் பிஎச் அளவை வைத்து ரசாயன டோசிங்கை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் உன் கேள்வி. நிலைப்புத்தன்மையை நிரூபிக்கும் லியாபுனோவ்–கிராசோவ்ஸ்கி, எல்.எம்.ஐ. (நேரியல் அணிச் சமனின்மை) கணக்குகளில் நான் கைவைக்கப் போவதில்லை. அது உனக்கு நன்றாகவே வருகிறது. எனக்கு எரிச்சல் வந்தது நாலாம் பக்கத்தில்.

‘எந்த நிலை என்பது கன்ட்ரோலருக்கு அந்தக் கணமே தெரியும்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். யார் சொன்னது? பிஎச் அளவு தாமதமாக வருகிறது என்று பத்துப் பக்கம் மல்லுக்கட்டுகிறாய். பம்பு நின்ற செய்தி மட்டும் பறந்து வந்துவிடுமா? அது வந்து சேரும்வரை பழைய நிலைக்குப் போட்ட கெயின்தான் புதிய நிலையை ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளிக்கு உன் நிரூபணத்தில் இடமே இல்லை.

மணலிப் பக்கம் நான் வேலை பார்த்த கன்ட்ரோல் ரூமில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். பம்பு ட்ரிப் ஆனால் பேனலில் விளக்கு எரியும் முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். சொல்லும்போதே டோசிங்கை மேனுவலுக்கு மாற்றிக் குறைத்திருப்பார். உன் நிலைமாற்றக் கணக்குக்குப் பெயர் தந்த மார்க்கோவ் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் காது செய்த வேலையை உன் கன்ட்ரோலரில் யார் செய்வது? அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பார்த்து நிலையை ஊகிக்கச் சொல். இல்லாவிட்டால் ஊகம் தப்பினாலும் தாங்கும் கெயினைத் தேடு.

இன்னொன்று. வருடம் முழுக்க ஒரே நிலைமாற்ற வீதமா? வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கலங்கலைக் கடலில் கொட்டுகிறது. கலங்கல் கூடினால் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். மே மாதத்து வீதம் நவம்பருக்கு எப்படிப் பொருந்தும்? தவிர, மார்க்கோவ் கணக்கில் ஒரு மணி நேரம் ஓடிய வடிகட்டிக்கும் முப்பது மணி நேரம் ஓடியதற்கும் அடுத்த நிமிடம் நிற்கும் வாய்ப்பு ஒன்றுதான். அழுக்கு சேரச் சேர அடைபடுகிற பொருளுக்கு அது ஒவ்வாது, ஓடிய நேரத்தையும் கணக்கில் எடுக்கும் அரை-மார்க்கோவுக்குப் போ. அதற்கு எண்கள் ஷிப்ட் லாக் புக்கில் கிடக்கின்றன. எது எத்தனை மணிக்கு நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள். உன் வகுப்பில் ஒருவராவது லாக் புக்கைத் திறந்து பார்த்திருப்பாரா?

ஆனால் ஆறாம் பக்கம் அபாரம். நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும்படி கட்டிய ஆலையில் ஓட்டம் பாதியானால், அதே குழாயில் நீர் போய்ச்சேர இரண்டு மடங்கு நேரம் ஆகும். தாமதமும் நிலையோடு சேர்ந்தே மாறும் என்று நீ பிடித்துவிட்டாய்! 1961இல் லிட்ஸ்கியோடு சேர்ந்து தற்செயலாகத் தாவும் அமைப்புகளுக்குக் கட்டுப்பாடு வகுத்த கிராசோவ்ஸ்கிதான், தாமதத்துக்கு நீ பயன்படுத்தும் லியாபுனோவ்–கிராசோவ்ஸ்கி ஃபங்ஷனலையும் தந்தவர். அவருடைய இரண்டு வேலைகளையும் ஒரே குழாயில் சந்திக்க வைத்திருக்கிறாய். என் வயதில் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

நிலை உடனே தெரியும் என்று வைத்து வரைந்த கடைசிப் பக்கத்துப் படங்களை எடுத்துவிடு. நவம்பர் மாத லாக் புக் எண்களைப் போட்டு, நிலைச் செய்திக்கும் தாமதம் வைத்து ஓட்டிப் பார். எல்.எம்.ஐ.க்குத் தீர்வே இல்லை என்று வந்தால் அதை அப்படியே எழுது. எவ்வளவு தாமதம் வரை தாங்கும் என்பதுதான் ஆலைக்காரர்களுக்கு வேண்டிய பதில்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர் ஒருவன்