ஆஃபரா, திட்டமா?

நண்பர்களோடு கட்டற்ற மென்பொருளாகத் தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்று எழுதிவருகிறேன். சென்னை கம்பெனி ஒன்று நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. போனால் துரோகமா?
– வாசகர், திருவிடைமருதூர்

தாராளமாகப் போங்கள். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸே 1997-இல் டிரான்ஸ்மெட்டா என்ற சிப் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்தான். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய கல்யாணசுந்தரமும் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு வேலை பார்த்துக்கொண்டேதான் அதை நடத்தினார்.

பயப்பட வேண்டியது ஆஃபர் லெட்டரின் பொடி எழுத்துக்குத்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதுவது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். சில கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமை எழுதியதையும் சேர்த்துக் கேட்கும்! கையெழுத்துக்கு முன்பே, திட்டத்தின் பெயரைச் சொல்லி, சொந்த நேரத்தில் சொந்த லேப்டாப்பில் செய்வதற்கு விலக்கு எழுதி வாங்குங்கள். எச்.ஆர். தலையாட்டினால் போதாது. திட்டத்தின் அட்மின் உரிமையை நண்பர் ஒருவருக்கும் கொடுத்துவிட்டு ரயிலேறுங்கள். முதல் சில மாதம் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.