தண்ணீருக்கு வயது என்ன?

புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில், கடலை ஒட்டி அமைந்த ஊர் மணப்பட்டு. இத்தகைய கடலோர ஊர்களில் மணல்மேட்டைத் தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் ஊறுவதுண்டு. பல நூறு அடி ஆழத்துக்குக் குழாய்க் கிணறு இறக்கினாலும் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். இரண்டையும் இரு குவளைகளில் ஊற்றிக் கொடுத்தால் நம் நாக்குக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் ஒன்று சென்ற ஐப்பசியில் பெய்த மழை. மற்றொன்று இராஜராஜ சோழன் காலத்துக்கும் முன்பு பெய்த மழையாக இருக்கக்கூடும்!

தண்ணீரின் வயதை அறிந்து என்ன பயன் என்று கேட்கிறீர்களா? ஆண்டுதோறும் வரும் வருமானத்தைச் செலவு செய்யும் குடும்பம் ஒன்று. தாத்தா சேர்த்து வைத்த முதலைக் கரைக்கும் குடும்பம் மற்றொன்று. நாம் இறைக்கும் நீர் வருமானமா, முதலா? இதற்கு விடை சொல்வது அணுக்கரு. எப்படி என்று பார்ப்போம்.

மூன்று ஹைட்ரஜன்கள்

நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன என்பதை அறிவீர்கள். சாதாரண ஹைட்ரஜனின் அணுக்கருவில் ஒரே ஒரு புரோட்டான் உண்டு. அத்துடன் ஒரு நியூட்ரான் சேர்ந்தால் அது டியூட்டிரியம். இரண்டு நியூட்ரான்கள் சேர்ந்தால் டிரிடியம். மூன்றிலும் புரோட்டான் ஒன்றுதான். ஆகவே வேதியியல் பண்புகளும் ஏறக்குறைய ஒன்றே. இவ்வாறு புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம்.

முதல் இரண்டும் நிலையானவை. டிரிடியம் நிலையற்றது. அதன் அணுக்கருவிலுள்ள நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறுகிறது. அப்போது ஓர் எலெக்ட்ரான் வெளியே பாய்கிறது. இதுவே பீட்டாக் கதிர். டிரிடியம் இப்போது ஹீலியமாகிவிட்டது. இந்நிகழ்ச்சியே கதிரியக்கச் சிதைவு.

புளியங்கொட்டைக் கணக்கு

ஓர் அணு எப்போது சிதையும்? யாராலும் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பெருங்கூட்டத்தில் எத்தனை சிதையும் என்று சொல்லலாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல் 64 புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேயுங்கள். அனைத்தையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே தெரிபவை ‘சிதைந்தவை’. அவற்றை நீக்கிவிட்டு மீதியை மீண்டும் போடுங்கள். முதல் தடவை ஏறத்தாழ 32, அடுத்து 16, பிறகு 8 என்று மீதி குறைந்துகொண்டே வரும். எந்தக் கொட்டை விழும் என்பது தெரியாது. பாதியளவு விழும் என்பது தெரியும்.

அணுக்கள் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்பர். டிரிடியத்துக்கு இது சுமார் 12.3 ஆண்டுகள். வெப்பமோ அழுத்தமோ இதை மாற்றுவதில்லை. ஆகவே மண்ணுக்கடியிலும் இக்கடிகாரம் தவறாமல் ஓடுகிறது.

மழையில் விழுந்த முத்திரை

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் நியூட்ரான்களைத் தோற்றுவிக்கின்றன. அவை நைட்ரஜனைத் தாக்கும்போது சிறிதளவு டிரிடியம் உண்டாகி, மழையுடன் இறங்குகிறது. அளவு மிக மிகக் குறைவு. 10¹⁸ ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு டிரிடியம் அணு இருந்தால் அதை ‘ஒரு டிரிடியம் அலகு’ என்கிறார்கள். இதையும் அளக்கும் கருவிகள் உண்டு.

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் காற்றில் வெடித்துப் பார்த்த ஹைட்ரஜன் குண்டுகளால் மழையில் டிரிடியம் பன்மடங்கு பெருகியது. 1963இல் வட கோளத்தில் அது உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டு ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. தீமையிலும் ஒரு நன்மை விளைந்தது: அம்மழைநீர் முத்திரையிடப்பட்ட நீராயிற்று. கிணற்று நீரில் டிரிடியம் இருந்தால் அதில் அண்மைக்கால மழையின் பங்கு உண்டு. அறவே இல்லையெனில் அது 1950களுக்கு முந்தைய நீர் என்று கொள்ளலாம்.

முதிய நீருக்கு வேறு கடிகாரம்

ஆயிரக்கணக்கான ஆண்டுகளை அளக்க டிரிடியம் போதாது. அதற்குக் கார்பன்-14 உதவும். அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். வேர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, இறங்கும் மழைநீரில் கரைந்து அதனுடன் செல்கிறது. அதிலுள்ள கார்பன்-14 பாதியாகக் குறைந்திருந்தால் நீரின் வயது சுமார் 5,730 ஆண்டுகள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வழியில் சுண்ணாம்புப் பாறை கரைந்தால் அதன் பழங்கார்பனும் கலந்து, நீர் உண்மையைவிட முதியதாகத் தோன்றும். அறிஞர்கள் இதற்குத் திருத்தம் செய்கிறார்கள்.

புதுச்சேரி, கடலூர், நெய்வேலிப் பகுதிகளின் அடியிலுள்ள கடலூர் மணற்கல் அடுக்கு மேற்கே தரையில் தெரிந்து, கடலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. மேற்கே நுழையும் மழைநீர் மெல்ல மெல்லக் கிழக்கே நகர்கிறது. ஆதலால் இத்தகைய அடுக்குகளில் கடலை நெருங்க நெருங்க நீரின் வயது கூடுவது இயல்பு.

எவ்வளவு இறங்குகிறது?

ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல பகுதிகளில் ஒரு சோதனை செய்துள்ளது. மழைக்கு முன், வேர்கள் எட்டாத ஆழத்தில் டிரிடியம் கலந்த நீர் சிறிதளவு செலுத்தப்படும். மழைக்காலம் முடிந்ததும் மண்ணை எடுத்துப் பார்த்து, முத்திரை எவ்வளவு இறங்கியுள்ளது என்று காண்பார்கள். அது 1 மீட்டர் இறங்கியது, மண்ணின் கன அளவில் ஈரம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவ்வாண்டு நிலத்தடிக்குச் சேர்ந்தது 10 செ.மீ. உயர நீர். டிரிடியத்தின் பீட்டாக் கதிர் நம் தோலைக்கூட ஊடுருவாது. பயன்படுத்தும் அளவும் மிகச் சிறிது.

கடல் காத்திருக்கிறது

கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியாயின், அதிகமாக இறைத்து மேலே 1 மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறும்! உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதன்று.

பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீரைப் பெறும் பாகூர் ஏரியின் அருமை இப்போது விளங்குகிறதல்லவா? ஏரியில் தேங்கும் நீர் வயலுக்குப் பாய்வதோடு, பூமிக்குள்ளும் இறங்கி வருமானத்தைக் கூட்டுகிறது. முதல் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று கணக்குச் சொல்வது அணுக்கரு. அக்கணக்கின்படி நடப்பது நம் கையில் இருக்கிறது.

செய்து பாருங்கள்: 1963இல் பெய்த மழைநீரில் 1,000 டிரிடியம் அணுக்கள் இருந்தன என்று கொள்வோம். 61.5 ஆண்டுகளுக்குப் பின் எத்தனை எஞ்சும்? (விடை: ஐந்து அரை ஆயுட்காலங்கள், சுமார் 31.)