முதலில் அளவு, பிறகு பாட்டரி

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மின்பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன் நான். சென்ற மாதம், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன், பள்ளிக் கண்காட்சிக்காகத் தானே செய்த தெர்மாகோல் வெட்டும் கருவியோடு வந்தான். 6 வோல்ட் பாட்டரி, நிக்ரோம் கம்பி, ஒரு சுவிட்சு, அவ்வளவுதான். விரலில் தீக்காயமும் இருந்தது.

"நேற்று நன்றாக வெட்டியது, மாமா. கம்பி அறுந்துவிட்டது. மீதித் துண்டைக் கட்டினேன், உடனே சிவந்துவிட்டது."

"மின்தடையை அளந்தாயா?"

"கரண்ட் போகவே இல்லையே, மாமா!"

சிரித்துவிட்டேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை. மின்சாரம் நின்றாலும் மின்தடை என்கிறோம்; மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் அளவான 'ரெசிஸ்டன்ஸ்' என்பதற்கும் அதுவே பெயர்.

பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜெர்மானியர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி எளிது: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நிக்ரோம் கம்பி 35 சென்டிமீட்டருக்குச் சுமார் 3 ஓம். ஆகவே 6 வோல்ட்டில் 2 ஆம்பியர், 12 வாட் வெப்பம். கம்பி மூன்றில் ஒரு பங்கானால் 1 ஓம். 6 ஆம்பியர், 36 வாட். மும்மடங்கு வெப்பம் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் சேர்வதால், ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒன்பது மடங்கு வெப்பம் தாங்க வேண்டும்!

அளக்கும் முறை:

1. பாட்டரியைக் கழற்றி, கம்பியை ஆறவிடுங்கள்.

2. மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கம்பியின் இரு நுனிகளிலும் வைத்து அளந்து, முதலில் குறித்த எண்ணைக் கழியுங்கள்.

4. கம்பியைச் சுருளாகச் சுற்றியிருந்தால், சுற்றுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் ஓம் குறையும்.

5. ஓம் எதிர்பார்த்ததைவிடக் குறைவானால் இணைக்காதீர்கள். பாட்டரியை ஒட்டி 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் இருக்கட்டும்.

'6 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது' என்று பெற்றோர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஷாக் அடிக்காததும் சுடும். தெர்மாகோல் புகையும் ஆகாது. சன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டு மின்சாரத்தில் இக்கம்பியை ஒருபோதும் இணைக்க வேண்டாம்.

மருமகன் புதுக் கம்பி கட்டி அளந்தான்: 3.1 ஓம். "மாமா, மின்தடை சரி!" என்றான், தமிழிலேயே.