வேலைக்கேற்ப உருமாறும் சில்லு



இரண்டு ஸ்விட்சுகளும் ஒரு மின்விளக்கும் இருக்கின்றன. ஸ்விட்சுகளைத் தொடரிணைப்பில் அமைத்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். பக்க இணைப்பில் அமைத்தால், ஏதேனும் ஒன்றைப் போட்டாலே எரியும். மாடிப்படி விளக்கோ வேறு விதம். இருவழி ஸ்விட்சுகளை அமைத்துவிட்டால், கீழே போட்ட விளக்கை மேலே சென்று அணைக்கலாம். இவற்றுள் ஒரு சுற்றை மற்றொன்றாக மாற்ற வேண்டுமானால், வயர்மேன் வந்து கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டும்.

கணிப்பொறியின் சில்லிலும் இத்தகைய சுற்றுகளே கோடிக்கணக்கில் உள்ளன. ஆனால் அவை சிலிக்கனில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டைப் போல, வெட்டியது வெட்டியதுதான். அப்படியிருந்தும், வேலைக்கு ஏற்றவாறு சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சில்லுகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. இது எவ்வாறு இயலும்?

இரு வழிகளும் அவற்றின் குறைகளும்

ஒரு கணக்கைச் செய்யப் பொதுவாக இரு வழிகள் உண்டு. முதலாவது, நாம் அன்றாடம் பயன்படுத்தும் பொதுச் செயலி. அது நினைவகத்திலிருந்து கட்டளைகளை எடுத்து, இன்னதென்று அறிந்து, நிறைவேற்றுகிறது. எந்த வேலையும் செய்யும். ஆனால் கட்டளைகளை எடுப்பதிலும் அறிவதிலுமே நேரமும் மின்னாற்றலும் பெருமளவில் செலவாகின்றன.

இரண்டாவது, ஒரே வேலைக்கென்று வடிவமைக்கப்பட்ட தனிச் சில்லு. அதில் கட்டளைக்கே இடமில்லை. சுற்றே கணக்கைச் செய்துவிடும். வேகம் மிகுதி, மின்செலவு குறைவு. ஆனால் வேலை மாறினால் அச்சில்லு பயனற்றுப் போகும்.

இவ்விரண்டின் நன்மைகளையும் சேர்த்துப் பெற முடியாதா என்று எண்ணியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரால்டு எஸ்ட்ரின். நிலையான ஒரு பகுதியும் மாற்றத்தக்க ஒரு பகுதியும் கொண்ட கணிப்பொறியை அவர் 1960 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். ஆனால் அக்காலத்தில் உறுப்புகளைக் கையால்தான் மாற்றிப் பொருத்த வேண்டியிருந்தது.

கம்பிக்குப் பதில் பட்டியல்

நம் விளக்குக்கே திரும்புவோம். ஸ்விட்சின் ஒரு நிலையை 0 என்றும் மறு நிலையை 1 என்றும் குறிப்போம். இரண்டு ஸ்விட்சுகளுக்கு 00, 01, 10, 11 என்று நான்கே நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் விளக்கு எரிந்தால் 1, எரியாவிட்டால் 0 என்று வரிசையாக எழுதுவோம். தொடரிணைப்புக்கு 0001, பக்க இணைப்புக்கு 0111, மாடிப்படி விளக்குக்கு 0110 என்று வரும்.

இப்போது கம்பிகளை மறந்துவிடுங்கள். நான்கு நினைவறைகளில் இந்த எண்களைப் பதித்து வைப்போம். ஸ்விட்சுகளின் நிலை, எந்த அறையைப் படிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும். அவ்வறையில் 1 இருந்தால் விளக்கு எரியும். 0001 ஐ அழித்து 0110 என்று எழுதினால், தொடரிணைப்பு மாடிப்படிச் சுற்றாக மாறிவிடும்! நான்கு அறைகளை நிரப்ப 16 வழிகள் இருப்பதால், இந்த ஒரே அமைப்பு 16 சுற்றுகளாக உருமாறும். நான்கு ஸ்விட்சுகள் என்றால் அறைகள் 16, சுற்றுகள் 65,536.

இத்தகைய பட்டியல்களை வரிசையாக அடுக்கி, இடையே இணைப்புப் பாதைகளையும் முன்கூட்டியே அமைத்துவிடுகின்றனர். பாதைகள் சந்திக்கும் இடங்களில் டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகள் உள்ளன. அவை திறப்பதும் மூடுவதும் நினைவறைகளில் எழுதிய எண்களைப் பொறுத்ததே. புள்ளிக் கோலத்தில் அதே புள்ளிகளைக் கொண்டு வேறு வேறு கோலங்கள் போடுவதில்லையா? அதுபோலத்தான். இவ்வகைச் சில்லுக்கு எஃப்.பி.ஜி.ஏ. என்று பெயர். 1985 இல் சைலிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 என்ற சில்லில் 64 கட்டங்கள் இருந்தன. இன்றைய பெரிய சில்லுகளில் அவை இலட்சக்கணக்கில் உள்ளன.

செவ்வாயில் ஒரு சில்லு, இரு வேலைகள்

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. பாராசூட்டில் இறங்கும்போதே அது தரையைப் படம் பிடித்து, தன்னிடமிருந்த வரைபடத்துடன் விரைந்து ஒப்பிட்டு, பாறைகளைத் தவிர்த்து இடம் தேர்ந்தது. இக்கணக்குக்கு எஃப்.பி.ஜி.ஏ. சில்லு ஒன்று துணை நின்றது. இறங்கிய பிறகு அவ்வேலை முடிந்துவிட்டது. ஆனால் சில்லு வீணாகவில்லை. அதன் உள்ளமைப்பை மாற்றி, ஊர்தி தரையில் செல்லும்போது வழியறிவதற்குரிய படக் கணக்குகளைச் செய்ய வைத்தனர். மனிதக் கை எட்டாத தொலைவில் நிகழ்ந்த ‘வயரிங் வேலை’ இது.

பெங்களூரின் தேன்கூடு

எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் ஒவ்வொரு சிறு இணைப்பையும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். பெரிய சுற்றுக்கு இவ்வமைப்பைத் தயாரிக்கவே கணிப்பொறிக்குப் பல மணி நேரம் ஆகலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ்.கே. நந்தி குழுவினரும் ரஞ்சனி நாராயண் அவர்களும் உருவாக்கிய ‘ரீடிஃபைன்’ வேறு வழியில் சென்றது. இதைப் பற்றிய அவர்களது ஆய்வுக் கட்டுரை 2009 இல் வெளிவந்தது. இதில் அடிப்படை அலகு சிறு பட்டியலன்று. கூட்டல், பெருக்கல் போன்றவற்றைச் செய்யும் முழுக் கணக்கு அலகு. இவ்வலகுகளைத் தேன்கூட்டின் அறைகளைப் போல இணைத்தனர். ‘சி’ மொழியில் எழுதிய நிரலைத் துண்டுகளாகப் பிரித்து, நிரல் ஓடும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் சில அலகுகளை ஒதுக்கினர். துண்டு முடிந்ததும் அதே அலகுகள் அடுத்த துண்டுக்கு உருமாறும்.

இதற்குக் கொடுக்கும் விலை

அப்படியானால் எல்லாச் சில்லுகளையும் இவ்வாறே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். மாறும் தன்மை இலவசமாகக் கிடைப்பதில்லை. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயான் குவான், ஜோனதன் ரோஸ் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தர்க்கச் சுற்றுகளை மட்டும் கொண்டு ஒப்பிட்டபோது, எஃப்.பி.ஜி.ஏ. தனிச் சில்லைவிடச் சுமார் 35 மடங்கு பரப்பை எடுத்துக்கொண்டது. வேகமும் மூன்று, நான்கு மடங்கு குறைந்தது. ஆகவே கோடிக்கணக்கில் விற்கும் கைப்பேசிக்குத் தனிச் சில்லே சிக்கனம். ஆனால் தனிச் சில்லை வடிவமைத்து முதல் பிரதியை எடுக்கவே பெரும் பொருட்செலவாகும். ஒரு தொலைநோக்கிக்கோ விண்கலத்துக்கோ சில சில்லுகளே போதும் என்னும்போது, அச்செலவை யார் ஏற்பது? அங்கேதான் மாறும் சில்லு கைகொடுக்கிறது. புதிய செயலிகளை வடிவமைப்போரும் முதலில் எஃப்.பி.ஜி.ஏ.வில் எழுதிச் சோதித்து, பிழை நீக்கிய பிறகே சிலிக்கனில் பதிக்கின்றனர். பலகையில் எழுதிப் பார்த்துவிட்டுக் கல்லில் வெட்டுவது போன்றது இது.

நீங்களே செய்து பாருங்கள்

மூவர் வாக்களிக்கும் குழு ஒன்றில், குறைந்தது இருவர் ‘ஆம்’ என்றால் விளக்கு எரிய வேண்டும். மூன்று ஸ்விட்சுகளுக்கு உரிய நிலைகளை 000 முதல் 111 வரை வரிசையாக எழுதி, பட்டியலை நிரப்புங்கள். 00010111 என்று வந்தால் உங்கள் விடை சரி. இதே எட்டு அறைகளைக் கொண்டு மொத்தம் எத்தனை சுற்றுகள் அமைக்கலாம் என்றும் கணக்கிடுங்கள். 256 என்று விடை கண்டவர்கள், மாறும் சில்லின் அடிப்படையைப் புரிந்துகொண்டுவிட்டீர்கள்.