சுழல மறுக்கும் விஞ்சு

பழனி மலைக்குப் போனவர்களுக்கு 'விஞ்சு' என்ற சொல் புதிதல்ல. படியேற முடியாதவர்களைக் கம்பிவடத்தால் மேலே இழுத்துச் செல்லும் வண்டியை அப்படித்தான் அழைக்கிறோம். உண்மையில் விஞ்சு என்பது வண்டியின் பெயரல்ல. வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளைப் பொறியின் பெயர். பாய்ப்படகின் தளத்திலும் விஞ்சுகள் உண்டு. பெரும்பாலும் மோட்டார் இருக்காது. கைப்பிடியால் சுற்ற வேண்டும். உயரம் ஒரு சாண்தான்.

நம் கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்ப்படகு, 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பியது. படகில் தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகள் மட்டுமே இருந்தனர். அத்தகைய படகில், காற்று நிரம்பிய பாயின் கயிறு பல நூறு கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அதை ஒருவர் கையால் அடக்குவது எப்படி?

ஒரு நடுத்தர விஞ்சை எடுத்துக்கொள்வோம். கைப்பிடியின் நீளம் 25 செ.மீ.; உருளையின் ஆரம் 4 செ.மீ. நெம்புகோல் லாபம் 25 ÷ 4, அதாவது ஏறத்தாழ 6. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் இதை மேலும் 6 மடங்குக்குச் சற்று அதிகமாகப் பெருக்குகின்றன. மொத்தம் சுமார் 40. நீங்கள் 10 கிலோ விசை கொடுத்தால், உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், கயிற்றில் 400 கிலோ! ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை: கயிறு 1 செ.மீ. நகர, உங்கள் கை 40 செ.மீ. சுற்ற வேண்டும். இந்த 40 செ.மீ. கணக்கை நினைவில் வையுங்கள்.

இழுத்த கயிறு பின்னால் ஓடிவிடாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக விஞ்சின் நடுத்தண்டில் சிறு உலோக நாக்குகள் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை 'பால்' என்பார்கள். நாம் குடிக்கும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை! தடுப்பு நாக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாக்கின் பின்னாலும் மயிரிழை போன்ற வில் ஒன்று அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உருளை ஒரு திசையில் சுழலும்போது நாக்குகள் பற்களின் மேல் வழுக்கிச் செல்லும். எதிர்த்திசையில் திரும்ப முயன்றால் பல்லில் மாட்டி நிறுத்திவிடும். மிதிப்பதை நிறுத்தியதும் உங்கள் சைக்கிளின் பின்சக்கரம் 'டிக் டிக்' என்கிறதே, அந்த ஃப்ரீவீலில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், கொச்சியில் போல்காட்டித் தீவுப் படகுத்துறையில், படகு பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் முன்னால் இருந்த விஞ்சு அசைய மறுத்தது. "சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமே?" என்றேன். இயற்பியல் ஆசிரியர் கேட்கக்கூடாத கேள்வி! உருளை அலுமினியம், தண்டு துருப்பிடிக்காத எஃகு. இரண்டுக்கும் இடையே கடல்நீர். வோல்டா மின்கலத்தைப் படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். இந்த ஜோடியில் எலெக்ட்ரான்களை இழப்பது அலுமினியம். அது அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது. இந்தப் பொடி, பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் இடைவெளியில் ஆப்பு அடித்தாற்போல் இறுகுகிறது. தட்டினால் உருளை நசுங்குமே தவிர ஆப்பு கழலாது.

நண்பர் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, கொதிக்கக் காய்ந்த நன்னீரை உருளையின் மேல் மெல்ல ஊற்றினார். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியசுக்குத் தன் நீளத்தில் 0.000023 பங்கு விரியும். 60 மி.மீ. விட்டமுள்ள துளை 60 டிகிரி சூடேறினால் 0.08 மி.மீ. பெரிதாகும். எஃகு இதைவிடக் குறைவாக விரியும். உள்ளே இருப்பதால் அதற்குச் சூடு தாமதமாகவே எட்டும். கிடைக்கும் இடைவெளி ஒரு தாளின் தடிப்புகூட இல்லை. ஆனாலும் அதில் எண்ணெய் புகும். நீரில் உப்பும் கரையும். மூன்றாம் முறை ஊற்றி, இடமும் வலமுமாக ஆட்டியதும், முனகிக்கொண்டே உருளை மேலே வந்தது.

அதற்கு முன்பே அவர் ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் வட்டமாகத் துளை வெட்டி, விஞ்சைச் சுற்றிப் பொருத்தியிருந்தார். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். உருளையில் ஒட்டிக்கொண்டு வந்த உருள்தாங்கி 'டக்'கென்று பெட்டிக்குள் விழுந்தது. பெட்டி இல்லையென்றால் அது காயலின் அடியில்தான் இருந்திருக்கும்.

கழற்றியவற்றை, கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பினோம். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு, மெழுகாக உறைந்திருந்த கிரீசைத் தேய்த்து எடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. முனை மழுங்கிய இரண்டு நாக்குகளையும் எல்லா வில்களையும் மாற்றினார். பல்சக்கரங்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவும் வேலை எனக்கு. நான் உற்சாகமாக நாக்குகளுக்கும் தடவப் போனேன். நண்பர் என் கையைப் பிடித்துவிட்டார். "அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் மட்டும், சார்!"

காரணத்தைப் பார்ப்போம். கிரீஸ் நாளடைவில் உப்பும் தூசியும் சேர்ந்து கெட்டியாகும். அந்த மயிரிழை வில்லுக்கு அதை மீறும் வலு இல்லை. நாக்கு பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கயிற்றில் 400 கிலோ இருக்கும்போது அப்படி நேர்ந்தால்? இப்போது 40 செ.மீ. கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். கயிறு 1 செ.மீ. பின்வாங்கினால் கைப்பிடியின் முனை 40 செ.மீ. பாயும், கயிற்றைவிட 40 மடங்கு வேகம்! மணிக்கட்டு எலும்பை முறிக்க இது தாராளம். சுழல மறுக்கும் விஞ்சு தொல்லைதான். ஆனால் நன்றாகச் சுழல்வதுபோலத் தோன்றி நாக்கு ஒட்டியிருக்கும் விஞ்சுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. அதனால்தான் பூட்டும் முன் ஒவ்வொரு நாக்கையும் விரலால் அழுத்தி, சட்டென்று எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். பூட்டிய பின் உருளையைக் கையால் சுற்றி, 'டிக் டிக்' ஒலி ஒரே சீராகக் கேட்கிறதா என்று காது கொடுக்கிறார்கள்.

விஞ்சையே தளத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் இரண்டு பேர் தேவை: ஒருவர் மேலே திருகுகளைப் பிடிக்க, மற்றவர் கீழே அறைக்குள் நட்டுகளைக் கழற்ற. திரும்பப் பொருத்தும்போது துளைகளில் நீர்புகாப் பசை இடாவிட்டால் தளத்துக்குள் நீர் இறங்கும்.

நான் விடைபெறும்போது நண்பர் ஒரு வேடிக்கை காட்டினார். கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினார். உருளை வலப்பக்கம் வேகமாகச் சுழன்றது. இடப்பக்கம் சுற்றினார், அப்போதும் உருளை வலப்பக்கமே சுழன்றது, ஆனால் மெதுவாக. இரண்டு பல்சக்கரங்கள் கோத்திருந்தால் எதிரெதிர்த் திசையில் சுழலும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு ஃப்ரீவீல்களும் சில பல்சக்கரங்களும் இருந்தால் இது எப்படி முடியும்? ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.